‘ரேக்’குக்கு ஒரே தமிழ்ச்சொல் போதுமா?

மலைக்காபி | ஏற்காடு | சனி காலை 7:40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சொல்லுக்காக ரெண்டு வாரமாக அலைகிறேன். தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

காபித் தோட்டத்து வேலையாட்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதித் தரும் வேலை எனக்கு வந்திருக்கிறது. முன்பு யாரோ செய்துவைத்த வரைவும் கூடவே வந்தது. அதன் ஆங்கில மூலத்தில் ‘ரேக்’ (rake) என்ற சொல் மூன்று பொருளில் வருகிறது. களத்தில் காயும் காபியைக் கிளறிவிடும் கருவி ஒன்று. கவாத்து வாளைச் சாணை பிடிக்கும் பகுதியில் ‘ரேக் கோணம்’ என்று இன்னொன்று. உரக் கிடங்கைப் பற்றிச் சொல்லும்போது, சேலத்தில் ரேக் இறங்குகிற நாளில் லாரி அனுப்பிவைக்க வேண்டும் என்று மூன்றாவது. வரைவில் மூன்றுக்குமே ‘வாருகோல்’ என்று போட்டிருந்தார்கள்.

பக்கத்துத் தோட்டத்துக் களத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அதைப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். “உரம் வாருகோலில் வந்து இறங்கும்” என்ற இடத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, இருந்ததிலேயே வயதான அம்மா, “வாருகோல்னா சீமாறா கண்ணு?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தால் அவர் சொன்னதுதான் இருக்கிறது. வாருகோல் என்றால் துடைப்பம்.

படிக்கிறவர்களுக்கு விளங்காத கையேட்டை அச்சடித்து என்ன பயன்? அதுவும் வாள் பிடிக்கிற பகுதி. தப்பாகப் புரிந்தால் கையில் காயம்படும். இந்த மூன்று ரேக்கும் ஒரே சொல்தானா, ஒவ்வொன்றுக்கும் உங்கள் தொழிலில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்களேன்.


செவ்வாய்பேட்டை_ஷெட் | சேலம் | சனி காலை 8:25

அம்மா, மூணாவது எங்க ஆளு. கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் லாரி வந்து நிற்கிற இடம் அநேகமாக மார்க்கெட் ஸ்டேஷனாகத்தான் இருக்கும்.

ரயில்வேயில் ரேக் என்றால் ஒன்றோடொன்று கோத்து, ஒரே அணியாக ஓடும் பெட்டிகள் அல்லது வேகன்கள். இதில் இன்ஜின் சேராது, அதைக் கவனிக்கணும். இன்ஜின் கழன்று போனாலும் ரேக் ரேக்தான். அரிசி, உரம், சிமென்ட் வருவது மூடு வேகன். அதில் 42 வேகன் கோத்தால் ஒரு முழு ரேக், ஏறக்குறைய 2,600 டன். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குக் கரி கொண்டுபோவது திறந்த வேகன், அது 58. பாதி சரக்கு இங்கே, பாதி வேறு ஊரில் இறங்கினால் அரை ரேக். லைனில் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் ‘ரேக் பிளேஸ் ஆயிடுச்சு’ என்போம். அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடும். குறித்த நேரத்துக்குள் இறக்கி முடிக்காவிட்டால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு ரேக் வந்தால் லோடுமேன்களை எழுப்பிக் கூட்டிவர ஆள் போகும். அவர்கள் யாரும் ‘ரயில் வந்துடுச்சா’ என்று கேட்டு நான் கேட்டதில்லை. ‘ரேக்கு வந்துடுச்சா, எத்தனை வேகன்’ என்றுதான் கேட்பார்கள். ரயில் வேறு, ரேக் வேறு என்பது அவர்களுக்கு அத்தனை தெளிவு.

பயணிகள் வண்டியிலும் இதே கணக்குதான். வண்டி எண் என்பது ஓட்டத்துக்கு வைத்த பெயர், ரேக் என்பது நிஜமான பெட்டிகள். ஒரே ரேக் ஒரு ஊருக்குப் போய்ச் சேர்ந்து, கழுவித் துடைத்து, வேறு எண்ணில் வேறு ஊருக்குக் கிளம்பும். ‘இணை ரேக் தாமதம்’ என்று அறிவிப்பு வருவது அதனால்தான். போன வண்டி தாமதமானால் அடுத்த வண்டிக்குப் பெட்டியே இருக்காது.


கல்லாங்குத்து | ஓமலூர் | சனி காலை 8:51

சின்னதாக ஒன்று. ஒல்லியாக இருப்பவரை ஆங்கிலத்தில் ‘ரேக் மாதிரி மெலிந்தவர்’ என்பார்கள். எங்கள் அம்மா என்னை ‘சீமாத்துக் குச்சியாட்டம் இருக்கற’ என்று சொல்லித்தான் சோறு போடுவார். இங்கிலாந்துக்காரருக்கு ரேக், நமக்குச் சீமாறு. உங்கள் களத்து அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது.


சொல்வேர் | சேலம் | சனி காலை 10:15

மலைக்காபி, நீங்கள் தொட்டிருப்பது எனக்கு மிகப் பிடித்த சொல். வகுப்பில் ஒரே உச்சரிப்பு, பல பிறப்பு என்பதை விளக்க இதைத்தான் எடுப்பேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கருவியின் பெயர் பழைய ஆங்கிலத்திலேயே உண்டு, ‘ராக்கா’ என்ற வடிவில். குவித்துச் சேர்ப்பது என்பது வேர்ப்பொருள். ஜெர்மானியர் இன்றும் அதே கருவியை ‘ரெஷன்’ என்கிறார்கள். மேலே சொன்ன ஒல்லி உவமையும் புதிதில்லை. 14-ஆம் நூற்றாண்டின் கவிஞர் சாசர், ஓர் ஏழை மாணவனின் குதிரையை ரேக்கைப் போல மெலிந்தது என்று பாடியிருக்கிறார்.

ரயில்வே ரேக் இந்தக் குடும்பத்துப் பிள்ளையாகத் தெரியவில்லை. இங்கிலாந்தின் வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் பாதை, தடம், வரிசை என்ற பொருளில் ஒரு ரேக் இருந்தது. கோடு அல்லது பட்டை என்று பொருள்படும், நார்ஸ் என்ற பழைய வட ஐரோப்பிய மொழிச் சொல்லோடு அதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் கோத்து இழுத்த தொட்டிவண்டிகளின் வரிசைக்கு அந்தப் பெயர் வந்து, பிறகு ரயிலேறியது. டெர்பிஷயர் பக்கம் ஈயச் சுரங்கக்காரர்கள், நிலத்தின் குறுக்கே நேர்கோடாக ஓடும் தாது நாளத்தையும் ரேக் என்றே சொன்னார்கள். நம்ம ஊர் வெள்ளைக்கல் (மாக்னசைட்) குழியில், கரும்பாறைக்குள் வெள்ளை வெள்ளையாக வரி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

சாய்வைக் குறிக்கும் ரேக் மூன்றாவது. 17-ஆம் நூற்றாண்டுக் கப்பல்களில் பாய்மரம் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்பதற்கு இந்தச் சொல் வந்தது. துருத்திக்கொண்டு நிற்பது என்ற பொருளுள்ள வட ஐரோப்பியச் சொற்களோடு இதை இணைக்கிறார்கள். ஐரோப்பாவின் பழைய நாடகக் கொட்டகைகளில் மேடையின் பின்பகுதி உயர்ந்து, பார்வையாளர் பக்கம் தாழ்ந்து சரிவாக இருக்கும். அந்தச் சரிவும் ரேக். இன்று மேடை சமதளமாகிவிட்டாலும், பின்னால் போவதை மேலே போவது என்றும், முன்னால் வருவதைக் கீழே வருவது என்றும் ஆங்கில நடிகர்கள் சொல்வது அந்தச் சரிவு விட்டுப்போன பேச்சு. உங்கள் வாளின் பல்லுக்குச் சொன்ன கோணம் இந்தச் சாய்வு ரேக்தான்.

ஆக உங்கள் கையேட்டில் இருப்பது மூன்று சொற்கள், எழுத்து மட்டும் ஒன்று. இதைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை, தமிழிலும் இதே கதை உண்டு. ‘வாரி’ என்று எழுதிப் பாருங்கள். தலை வாரி, மண்ணை வாரி என்பதில் வரும் வாரி வினையெச்சம். கடலைக் குறிக்கும் வாரி வடமொழி வழி வந்தது. விளைச்சல், வருவாய் என்ற பொருளில் ஒரு வாரி, நீர் ஓடும் கால்வாய்க்கு ஒரு வாரி. ஒரே எழுத்து, நாலு வீட்டுப் பிள்ளைகள். இத்தனை வாரிகளையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் மொழிபெயர் என்று ஒரு வெள்ளைக்காரரிடம் யாராவது கேட்பார்களா?


லேத்_27வருஷம் | சூரமங்கலம் | சனி மதியம் 1:05

அக்கா, ரெண்டாவது கேள்வி என்னோடது. சொல்வேர் சார் சொன்ன சாய்வு சரி. ஆனா அதைக் கையில பிடிச்சவன் சொன்னா இன்னும் விளங்கும்.

லேத்துல வெட்டுற டூல் இருக்கே, அதுக்கு ரெண்டு முகம். வெட்டின துருவல் எந்த முகத்து மேல வழிஞ்சு வெளிய வருதோ அது ரேக் முகம். அது எவ்வளவு சாஞ்சிருக்குங்கறதுதான் ரேக் ஆங்கிள். முனையிலேர்ந்து பின்னால போகப் போக இறங்கினா பாசிடிவ், ஏறினா நெகடிவ், மட்டமா இருந்தா ஜீரோ.

இரும்புக்கும் அலுமினியத்துக்கும் பாசிடிவ் வெச்சாதான் துருவல் சுருள் சுருளா நல்லா வரும். அலுமினியத்துக்கு இன்னும் கூடுதலா வைக்கணும். பித்தளை வந்தா அதே டூலைப் போட்டுடக் கூடாது. பித்தளைக்கு ரேக் மட்டமா இருக்கணும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல இரும்புக்கு அரைச்ச டூலை வெச்சுப் பித்தளை புஷ்ஷைத் தொட்டேன். டூல் தானா உள்ள இழுத்துடுச்சு. பித்தளைத் துண்டு, அதைப் பிடிச்சிருக்குற சக்குல இருந்து பிடுங்கிக்கிட்டுப் போய்த் தகரத்துல அடிச்சுது. அன்னிக்கு எங்க மேஸ்திரி திட்டலை. டூலை எடுத்துட்டுப் போய் சாணைக் கல்லுல வெச்சு, மேல் முகத்தை மட்டமாத் தேய்ச்சு, மறுபடி ஓட்டிக் காட்டினார். துருவல் பொடிப் பொடியா மஞ்சத்தூள் மாதிரி உதிர்ந்துச்சு. அந்தச் சத்தம்கூட வேற. கார்பைடு டிப்புக்கு நெகடிவ் வைப்பாங்க, முனை உடையாம தாங்கும்.

வாள்லயும் அப்படித்தான். மரத்தைக் குறுக்கே அறுக்குற வாள்ல பல்லு பின்பக்கம் சாஞ்சு நிக்கும். நீளவாக்குல அறுக்குற வாள்ல கிட்டத்தட்ட நேரா நிக்கும். கவாத்து வாளை அரம் போட்டுத் தீட்டும்போது அந்தச் சாய்வை மாத்திடக் கூடாது. ‘பல்லோட சாய்வு’ன்னு எழுதுங்க, போதும். கோணம்னு தனியா போட்டா ஸ்கூல் பாடம் மாதிரி பயந்துடுவாங்க.


நற்றமிழ்_ஆத்தூர் | சனி மாலை 4:30

இழையை முழுக்கப் படித்தேன். ஒரு வருத்தத்தைச் சொல்ல வேண்டும். மூன்று சொற்கள் என்றால் மூன்றுக்கும் தமிழ் வைப்போம், அதுதானே முறை. கருவிக்கு வாரி. கோணத்துக்குச் சாய்வு. ரயிலில் வருவதற்குத் தொடர். ‘ரேக்’ என்று அப்படியே விட்டுவிட்டால் அடுத்த தலைமுறை அந்தப் பொருளுக்குத் தமிழே கிடையாது என்று நினைக்கும். ஓய்வு பெற்ற ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் பழகிவிட்டது என்பதற்காக ஒரு சொல் நம்முடையதாகிவிடாது.


செவ்வாய்பேட்டை_ஷெட் | சனி மாலை 5:10

தம்பி, உங்கள் ஆர்வம் எனக்கும் உண்டு. ஆனால் ‘தொடர்’ இங்கே உதவாது. தொடர்வண்டி என்றாலே ரயில்தானே? நான் காலையில் முட்டி முட்டிச் சொன்னது ரயில் வேறு, ரேக் வேறு என்று. உங்கள் சொல்லில் அந்த வித்தியாசம்தான் முதலில் காணாமல் போகும். இன்ஜின் இல்லாமல் லைனில் நிற்கிற 42 வேகனுக்குச் சொல் கொடுங்கள், நானே நாலு பேரிடம் சொல்கிறேன்.


மலைக்காபி | சனி இரவு 8:02

‘சரம்’ எப்படி ஐயா? மாலையில் பூ வாங்கப் போன இடத்தில் தோன்றியது. பூக்காரம்மா அளந்து கொடுத்தது பூச்சரம். தீபாவளிக்கு வெடிப்பது சரவெடி. ஒன்றோடொன்று கோத்தது, தானாக நகராது, யாராவது பிடித்து இழுத்தால்தான் வரும். ‘வேகன் சரம்’.


செவ்வாய்பேட்டை_ஷெட் | சனி இரவு 8:20

நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு. அரைச்சரம், முழுச்சரம் என்றும் சொல்லலாம். இருந்தாலும் உங்கள் கையேட்டில் ‘ரேக்’ என்று எழுதி, பக்கத்தில் ‘42 வேகன் சரம்’ என்று விளக்கம் போடுங்கள். லாரி டிரைவர் ஷெட்டில் வந்து ‘சரம் வந்துடுச்சா’ என்று கேட்டால் இன்றைக்கு யாருக்கும் புரியாது. அவன் வெறும் லாரியோடு மலை ஏற வேண்டியதுதான்.


வெள்ளிப்பட்டறை | சிவதாபுரம் | ஞாயிறு காலை 6:55

நீங்க எல்லாரும் இங்கிலீஷ் ரேக்கைப் பத்தியே பேசறீங்க. தமிழ்லயே ‘ரேக்கு’ இருக்குங்க. மெல்லிசா அடிச்ச தகட்டுக்கு ரேக்குன்னு பேரு. தங்க ரேக்கு, வெள்ளி ரேக்கு. தஞ்சாவூர்ப் படத்துல ஒட்டுறது தங்க ரேக்குதான். தெலுங்குல இருந்து வந்ததுன்னு எங்க பெரியவர் சொல்வார், அங்க பூவோட இதழுக்கும் அதே பேராம். கொலுசு வேலையில நாங்க கம்பியும் தகடும்தான் அதிகம் புழங்குறோம், ஆனா ரேக்குன்னு சொன்னா பட்டறையில எல்லாருக்கும் தெரியும். கையில எடுத்து ஊதினா பறக்கணும், அப்பத்தான் அது ரேக்கு.

இன்னொண்ணு. சாமான் அடுக்குற இரும்பு அலமாரியையும் ‘ரேக்’னுதான் சொல்றோம். ‘மேல் ரேக்குல வை’ன்னு சொல்லாத கடை சேலத்துல உண்டா?


சொல்வேர் | ஞாயிறு காலை 9:30

இதை நான் மறந்தேபோனேன், நன்றி. அலமாரி ரேக் ஆங்கிலத்தில் வேறு எழுத்து, வேறு உச்சரிப்பு. அந்த உயிரொலிக்குத் தமிழில் எழுத்தில்லாததால் ரெண்டும் நம் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. தெலுங்கில் ரேக்கு என்றால் இதழ், மெல்லிய தகடு, ரெண்டும்தான். உங்கள் பெரியவர் சொன்னது சரி.

ஆங்கிலத்தில் ஏற்கெனவே கூட்டமாக இருந்த வீட்டில், சேலத்துக்கு வந்ததும் இன்னும் ரெண்டு பேர் குடியேறியிருக்கிறார்கள். மலைக்காபி, கிடங்கு அத்தியாயத்தில் உர மூட்டை அடுக்கும் ரேக்கும் வருகிறதா பாருங்கள். ஒரே பக்கத்தில் உரம் ரேக்கில் வந்து ரேக்கில் ஏறினால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.


மலைக்காபி | ஞாயிறு காலை 9:41

வருகிறது சார். அதே பக்கத்தில்தான். அதை ‘அடுக்கு’ என்று மாற்றிவிட்டேன்.


கோபுரம்_பார்த்தவன் | ஏற்காடு அடிவாரம் | ஞாயிறு மதியம் 12:10

தொலைபேசித் துறையில் இருந்தவன் நான். என்னிடமும் ஒரு ரேக் உண்டு, அதுவும் இந்த மலையோடு சம்பந்தப்பட்டது.

கம்பி இழுக்க முடியாத ஊர்களுக்கு ஒரு காலத்தில் டபிள்யூ.எல்.எல். போன் கொடுத்தோம். மேசைமேல் வைக்கிற போன், சின்ன ஆன்டெனா, கம்பி கிடையாது. அதற்குள் ஓடியது சிடிஎம்ஏ தொழில்நுட்பம். அதன் உயிர்நாடி ‘ரேக் ரிசீவர்’. 1958-இல் பிரைஸ், கிரீன் என்ற ரெண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் வெளியிட்ட யோசனை அது. கருவியின் பல் மாதிரி இதற்கும் வரிசையாக விரல்கள் உண்டு, அதனால்தான் அந்தப் பெயரே வைத்தார்கள்.

மலையில் அலை ஒரே வழியில் வராது. நேராக வருவது ஒன்று. எதிர்மலையில் பட்டுத் திரும்பி வருவது ஒன்று. பாறைச் சரிவில் மோதி இன்னும் கொஞ்சம் சுற்றிவருவது ஒன்று. எல்லாம் ஒரே குரல்தான், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக, நொடியில் பத்து லட்சத்தில் சில பங்கு தாமதித்து வரும். பழைய டிவியில் ஆளுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு ஆள் நிழலாகத் தெரிவாரே, அது இந்தத் தாமதத்தால் வந்ததுதான். அங்கே அது தொல்லை.

ரேக் ரிசீவர் அதைத் தொல்லையாகப் பார்க்கவில்லை. ஒரு விரல் நேர் அலையைப் பிடிக்கும், அடுத்த விரல் எதிர்மலை அலையை, மூன்றாவது பாறை அலையை. ஒவ்வொன்றையும் அதனதன் தாமதத்துக்கு ஏற்ப நிறுத்திவைத்து, நேரத்தை ஒன்றாக்கி, வலுவானதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்துக் கூட்டிவிடும். சிதறி வந்ததை வாரிச் சேர்ப்பதுதான் வேலை. போனில் பொதுவாக மூன்று விரல், கோபுரத்துப் பக்கம் நான்கு. ரெண்டு வழிக்கும் இடையே தூர வித்தியாசம் ஏறக்குறைய 240 மீட்டருக்கு மேல் இருந்தால்தான் அதனால் பிரித்தறிய முடியும். நகரத்துத் தெருவில் அது சில நேரம் கிடைக்காது. நம் மலையிலோ எதிர்ச்சரிவே கிலோமீட்டர் தள்ளித்தானே இருக்கிறது.

ஒரு வீட்டில் சன்னல் ஓரம் வைத்த போனில் பேச்சு அறுந்து அறுந்து வந்தது. நேரே பெரிய பாறை மறைப்பு. போனை எடுத்துப் பின்கட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்து கோபுரம் தெரியவே தெரியாது, எதிர்மலைதான் தெரியும். பேச்சு மணி மாதிரி கேட்டது. வீட்டுக்காரருக்கு நம்ப முடியவில்லை. மலையில் பட்டு வந்த குரல் அது. 4ஜி வந்தபிறகு அலையைப் பகுத்து அனுப்பும் முறையே மாறிவிட்டது, இந்த ரேக்குக்கு அங்கே வேலையில்லை. ஆனால் நான் கையாண்ட சாமான்களிலேயே இதன்மேல்தான் எனக்கு மதிப்பு அதிகம்.


இரண்டாமாண்டு_இலக்கியம் | சேலம் | ஞாயிறு மாலை 3:45

சொல்வேர் சார், ஒரு சந்தேகம். எங்களுக்குப் பாடமாக வரும் பழைய ஆங்கில நாடகங்களில் ‘ரேக்’ என்று ஒரு ஆளைச் சொல்கிறார்கள். குடி, சூது, பெண்கள் என்று திரிகிறவன். அதுவும் தோட்டக் கருவிதானா?


சொல்வேர் | ஞாயிறு மாலை 5:20

ஒரு வகையில் ஆமாம். அது ‘ரேக்ஹெல்’ என்ற நீண்ட சொல்லின் சுருக்கம். நரகத்தையே வாரித் துழாவினாலும் இவனைப்போல் ஒருவன் அகப்படமாட்டான் என்ற பொருள். 16-ஆம் நூற்றாண்டில் நீளச் சொல், அடுத்த நூற்றாண்டில் சுருக்கம்.

தமிழில் இதற்கு அச்சான சொல் ஒன்று உண்டு, ‘மைனர்’. ஹோகார்த் என்ற ஓவியர் 1730-களில் ஒரு ரேக்கின் வாழ்க்கையை 8 ஓவியங்களாகத் தீட்டினார். கருமியான அப்பா செத்ததும் சொத்து மகன் கைக்கு வருகிறது. துணி தைப்பவன், ஆட்டம் கற்றுத்தருபவன் என்று சுற்றிலும் கூட்டம் சேர்கிறது. சூதாடித் தீர்த்து, கடன்காரர் சிறைக்குப் போய், லண்டன் பைத்தியக்கார விடுதியில் முடிகிறான். நம் ஊர் மைனரும் இதே ஆள்தான். வயது வருமுன்பே சொத்துக்கு உரிமையாகிவிட்ட வாரிசைச் சட்டம் மைனர் என்றது. கழுத்தில் செயினும் ஜிப்பாவுமாகத் திரிந்த பணக்காரப் பிள்ளையை ஊர் மைனர் என்றது. ஆங்கிலத்திலிருந்து வந்த சொல், ஆனால் அந்தப் பொருள் ஆங்கிலத்தில் கிடையாது. இங்கே விளைந்தது.

நற்றமிழ் தம்பிக்கும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். வந்த சொல் வந்தபடியே இருப்பதில்லை. நம் வாயில் கிடந்து நம் பொருளை எடுத்துக்கொள்கிறது.


நற்றமிழ்_ஆத்தூர் | ஞாயிறு மாலை 6:05

ஒப்புக்கொள்கிறேன் ஐயா, மைனர் தமிழாகிவிட்டது. ஆனால் அது புதிய பொருளோடு வந்து ஒட்டியது. ரேக் எந்தப் புதுப்பொருளும் இல்லாமல், ஏற்கெனவே இருக்கிற சொல்லின் இடத்தில் உட்கார்கிறது. ‘சரம்’ போன்ற ஒன்று ஒரே மாலையில், பூக்கடையில் கிடைத்ததே? தேடினால் கிடைக்கும் என்பதுதான் என் வாதம். அதில் எனக்கு மாற்றமில்லை.


செய்தி_மேசை | சேலம் | ஞாயிறு இரவு 9:15

பத்திரிகைக்காரன் பங்குக்கு ஒன்று. ஊழலைத் தோண்டும் நிருபர்களை ஆங்கிலத்தில் ‘குப்பை ரேக் பிடிப்பவர்கள்’ என்பார்கள். 1906-இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு பேச்சில் அப்படிச் சொன்னதிலிருந்து பரவியது. தலைக்குமேல் கிரீடம் காத்திருக்க, நிமிர்ந்தே பாராமல் குப்பையை வாரிக்கொண்டிருக்கும் ஒருவனைப் பற்றிய பழைய உருவகக் கதையிலிருந்து அவர் எடுத்தது. குப்பையை வாரவும் ஆள் தேவைதான், எப்போது நிறுத்த வேண்டும் என்பது தெரிய வேண்டும் என்றார். நிருபர்கள் அந்தப் பெயரையே பெருமையாக எடுத்துக்கொண்டார்கள்.

தமிழில் இந்த இடத்துக்கு ‘வாரு’ வராது, ‘கிளறு’தான். ‘பழைய கதையைக் கிளறாதே’ என்கிறோம். பணத்தை அள்ளுவதற்கு ‘வாரிச் சுருட்டு’. ரெண்டு வேலையையும் ஆங்கிலம் ஒரே ரேக்கால் செய்கிறது. நமக்குக் கை வேறு, வேலை வேறு, வினையும் வேறு. மலைக்காபி, பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினையிலிருந்து தேடிப் பாருங்கள். களத்துப் பெண்கள் காபியை வாருகிறார்களா, கிளறுகிறார்களா?


மலைக்காபி | திங்கள் மாலை 6:30

இன்று விடிகாலையே களத்துக்குப் போய்விட்டேன். செய்தி மேசை அண்ணன் கேட்ட கேள்வியைக் கையோடு கொண்டுபோனேன்.

பனி விலக எட்டரை ஆயிற்று. தார்ப்பாயை உருட்டி எடுத்ததும், குவித்து வைத்திருந்த பார்ச்மென்ட் காபியை (சதை நீக்கி, உள்தோலோடு இருக்கும் கொட்டை) ரெண்டு பேர் பலகையால் தள்ளித் தள்ளிப் பரப்பினார்கள். பரப்பி முடித்ததும் கருவி மாறியது. நீளமான கம்பு, நுனியில் குறுக்குக் கட்டை, கட்டையில் விரல் நீளத்துக்கு மரப்பல். அந்த அம்மா அதை முன்னால் தள்ளவில்லை. பின்னால் நடந்துகொண்டே இழுத்தார். அவர் போன இடமெல்லாம் கோடு கோடாகச் சால் விழுந்தது. மேட்டில் இருந்த காபிக்கு வெயில், பள்ளத்தில் ஈரமாயிருந்த தரைக்கும் வெயில். அரை மணி கழித்துக் குறுக்கே இழுத்தார், பழைய மேடு பள்ளமானது. இரும்புப் பல் ஏன் கூடாது என்று கேட்டேன். தோல் கிழிந்தால் காபி கெட்டுப்போகும் என்றார்.

பெயர் கேட்டேன். பல் இல்லாதது பலகை. பல் உள்ளது பல்லுப் பலகை. செய்கிற வேலைக்கு அவர் சொன்ன சொல் வாருவதும் இல்லை, கிளறுவதும் இல்லை. “காப்பியக் கீறி விடறோம்.” மாலையில் பனிக்கு முன்னால் குவிப்பதை மட்டும்தான் வாருவது என்றார். அதற்குப் பல்லுப் பலகையைத் தொடுவதே இல்லை, பலகைதான்.

கையேட்டில் இப்படி எழுதப்போகிறேன். களத்தில் பல்லுப் பலகை, வேலை கீறிவிடுவது. வாளில் பல்லோட சாய்வு. கிடங்கில் ரேக், அடைப்புக்குள் ‘42 வேகன் சரம்’. மூட்டை வைப்பது அடுக்கு. காய்ந்த சருகு வாருகிற இரும்புப் பல் கருவி ஒன்று தீத்தடுப்புக் கோடு போடுகிற பகுதியில் வருகிறது, அதற்குத்தான் இன்னும் சொல் முடிவாகவில்லை. நற்றமிழ் தம்பியின் ‘வாரி’யை அங்கே ‘சருகுவாரி’ என்று வைக்கலாமா?


நற்றமிழ்_ஆத்தூர் | திங்கள் மாலை 6:48

வையுங்கள் அக்கா. குப்பைவாரி, மண்வாரி மாதிரி இயல்பாக இருக்கிறது.


ஜவ்வரிசிக்_களம் | ஆத்தூர் | திங்கள் இரவு 7:35

எங்க சேகோ மில்லுலயும் வறுத்த ஜவ்வரிசியைச் சிமென்ட் களத்துல பரப்பி இப்படித்தான் சால் விடுவாங்க. எங்க அப்பா வயசுக்காரங்க அந்தப் பல்லு வெச்ச கட்டையைப் பார்த்தா ‘இது பலுகு மாதிரியே இருக்கு’ம்பாங்க. மாடு கட்டி வயல்ல ஓட்டுற பலுகு பெருசு, இது கையால இழுக்குற சின்னது. மலையில யாராவது பலுகுங்கற பேரைச் சொல்றாங்களான்னு நாளைக்கு அந்த அம்மாவைக் கேட்டு எழுதுங்க அக்கா. நான் வீட்டுப் பரண்ல கிடக்குற பழைய பலுகை இறக்கி, பல்லை எண்ணிப் படம் போடறேன்.